கருத்தரங்கும் கணியமும்

சென்ற வாரம் கைப்பேசியில் ஓர் அழைப்பிதழ் வந்தது. பன்னாட்டுக் கருத்தரங்கம். பொருள்: தமிழ் வட்டார வழக்குகள். அனுப்பியவள் என்னிடம் படித்த மாணவி. இப்போது ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறாள். "சார், நீங்களும் ஒரு கட்டுரை தரணும்" என்று கீழே எழுதியிருந்தாள்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதையும் படித்தேன். பதிவுக் கட்டணம் தனி, கட்டுரை நூலில் வருவதற்குத் தனி. சான்றிதழ் உண்டு, பை உண்டு, மதிய உணவு உண்டு. ஒரே நாளில் மூன்று அரங்குகளில் நூற்றுக்கும் மேற்பட்ட கட்டுரைகள். ஒருவருக்கு ஐந்து நிமிடம். ஐந்து நிமிடத்தில் என்ன சொல்ல முடியும்? மேடையில் இருப்பவர்களுக்கு வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிடுவார்கள்.

உடனே மறுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நான் செய்த ஒரு தவறு நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக மனத்தில் கிடக்கிறது. அதுவும் ஒரு கருத்தரங்கில் நடந்ததுதான். அதை எழுதிவிட்டுப் பிறகு முடிவு செய்யலாம் என்று இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

நான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் படித்துவிட்டு, நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் தமிழ் விரிவுரையாளராகச் சேர்ந்தவன். அந்தக் காலத்தில் மொழியியல் படித்தவர்களுக்கு வட்டார வழக்கு என்றால் ஒரு வெறி. தோளில் ஒரு ஜோல்னாப் பை, பைக்குள் அஞ்சலட்டை அளவில் வெட்டிய அட்டைகள், இரவல் வாங்கிய ஒரு ஒலிப்பதிவுக் கருவி. இவ்வளவுதான் எங்கள் ஆயுதம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கடற்கரை ஊர்களுக்குப் போவேன். கட்டுமரக்காரர்கள் வலை பின்னும் இடத்தில் உட்கார்ந்து சொற்களைக் கேட்டு எழுதுவேன்.

முதலில் என்னை இழுத்தது காற்றின் பெயர்கள். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல் என்று வகுப்பில் பாடம் நடத்தியிருக்கிறேன். தெற்கே தென்றல், மேற்கே கோடை என்பதும் ஏட்டில் உள்ளதுதான். கடற்கரையில் வாடையும் கொண்டலும் அப்படியே இருந்தன. ஆனால் தெற்கத்திக் காற்று சோழகம், மேலைக் காற்று கச்சான். தென்றல் என்று நான் சொன்னபோது, அது சினிமாப் பாட்டில் வருவது என்று ஒரு பையன் சிரித்தான். நான்கு காற்றில் இரண்டு பழைய பெயரோடு இருக்கின்றன, இரண்டுக்கு வேறு பெயர். ஏன்? இப்படி ஒரு கேள்வி கிடைத்துவிட்டால் எங்களுக்கு அந்த மாதம் சோறு வேண்டாம்.

1978இல் எங்கள் கல்லூரியில் இரண்டு நாள் கருத்தரங்கு. மொத்தம் பதினான்கு கட்டுரைகள். ஒருவருக்கு முக்கால் மணி நேரம், அதில் பாதி கேள்விகளுக்கு. என் கட்டுரை மீனவர் வழக்கைப் பற்றியது. எனக்குச் சொற்கள் சொன்ன பெரியவர் ஒருவரையும் அழைத்திருந்தேன். அவர் வெள்ளை வேட்டி கட்டி, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். மரியாதைக்காக அழைத்தேனே தவிர, அவரைப் பேச வைக்கவேண்டும் என்ற எண்ணம் எனக்கு வரவே இல்லை. எங்கள் படிப்பில் அவருக்குத் தகவலாளர் என்று பெயர். தகவல் வந்துவிட்டது. அத்தோடு அவர் வேலை முடிந்துவிட்டது என்பதுதான் எங்கள் நினைப்பு.

என் கட்டுரையின் மகுடம் 'கணியம்' என்ற சொல். "கணியம் பாத்துப் போவோம்" என்று அந்தப் பெரியவர் சொல்லியிருந்தார். எனக்கு உடனே சங்க இலக்கியத்துக் கணியன் நினைவுக்கு வந்துவிட்டான். கணியன் என்றால் நாளும் கோளும் கணிப்பவன். ஆகவே மீனவர்கள் நல்ல நாள் பார்த்துக் கடலுக்குப் போகிறார்கள், ஈராயிரம் ஆண்டு மரபு கரையில் இன்னும் வாழ்கிறது என்று எழுதி வாசித்தேன். கைதட்டல் பலமாக இருந்தது. தலைமை வகித்தவர் நல்ல கண்டுபிடிப்பு என்று பாராட்டினார். அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. தரையில் கால் பாவவில்லை.

தேநீர் இடைவேளை. வராந்தாவில் டீயும் பருப்பு வடையும். பெரியவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"சாரே, நீங்க கணியத்தப் பத்திச் சொன்னது சரியில்ல, கேட்டியளா. அது நாளு பாக்கதுக்கு இல்ல. எடம் பாக்கதுக்கு."

பிறகு அவர் விளக்கினார். கடலுக்குள்ளே மீன் கூடும் பாறைத்திட்டுகள் உண்டு. பார் என்பார்கள். மேலே நின்று பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீர். அடியில் பார் இருக்கும் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? கரையைத் திரும்பிப் பார்க்கவேண்டும். முன்னால் தெரியும் மாதா கோயில் கோபுரம், அதற்குப் பின்னால் தூரத்தில் தெரியும் மலையின் ஒரு மடிப்புக்கு நேராக வரவேண்டும். அது ஒரு கோடு. இன்னொரு பக்கம் ஒரு தென்னந்தோப்பின் முனை, வேறொரு மலைக்கு நேராக வரவேண்டும். அது இரண்டாவது கோடு. இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக வந்தால் காலுக்குக் கீழே பார். கயிற்றைக் கல்லோடு இறக்கி இத்தனை பாகம் ஆழம் என்று பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். இன்னும் தூரம் போனால் கோபுரம் மறையும், மலை மட்டும் மிஞ்சும். மலை எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதும் ஒரு கணக்கு.

இதுதான் கணியம். ஒவ்வொரு பாருக்கும் ஒரு கணியம். அப்பன் மகனுக்குச் சொல்லிக்கொடுப்பது.

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. "அண்ணே, இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"என்ன சொல்லு உண்டுன்னு கேட்டிய, சொன்னேன். என்னத்துக்குன்னு நீங்க கேக்கலியே சாரே."

அந்த நேரத்தில் எங்கள் பக்கத்தில் டீ தம்ளரோடு ஒருவர் வந்து நின்றார். திருவனந்தபுரத்திலிருந்து வந்திருந்த மலையாள ஆய்வாளர். அவரும் கடற்கரை வழக்கில் வேலை செய்துகொண்டிருந்தவர். பெரியவர் சொன்னதைக் கேட்டதும் தம்ளரைத் திண்ணையில் வைத்துவிட்டு, அழைப்பிதழின் பின்பக்கத்தில் படம் வரையத் தொடங்கினார். கோபுரம், மலை, இரண்டு கோடுகள். எங்கள் கரையிலும் இதே வழக்கம்தான், சொல்லும் ஏறக்குறைய இதேதான் என்றார். பெரியவர் அவர் கையிலிருந்து பேனாவை வாங்கிப் படத்தைத் திருத்தினார். மருந்துவாழ் மலையை அவர் வரைந்த இடம் தப்பு என்றார்.

அந்த வராந்தாவில் நாங்கள் மூன்று பேரும் ஒரு மணி நேரம் நின்றோம். உள்ளே அடுத்த அமர்வு நடந்துகொண்டிருந்தது. நான் இதுவரை கலந்துகொண்ட மாநாடுகளில் உண்மையான மாநாடு எது என்று கேட்டால் அந்த ஒரு மணி நேரத்தைத்தான் சொல்வேன். மலையாள நண்பரும் நானும் அதன்பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் கடிதம் எழுதிக்கொண்டோம். அவர் ஒரு பட்டியல் அனுப்புவார், நான் ஒரு பட்டியல் அனுப்புவேன். வலையின் உறுப்புகள், நீரோட்டத்தின் வகைகள், மீன் பெயர்கள். என் வீட்டு மரப்பெட்டியில் அந்தக் கடிதங்கள் இன்னும் இருக்கின்றன. எழுதியவர் இல்லை.

கூட்டத்துக்குள் நடக்கும் இன்னொரு சின்னக் கூட்டத்தில்தான் காரியம் நடக்கிறது என்பது எங்கள் மூவரின் கதை மட்டுமல்ல. 1964 ஜனவரியில் டெல்லியில் கீழ்த்திசை ஆய்வாளர்களின் உலக மாநாடு நடந்தது. பல நாட்டவர், பல மொழிக்காரர்கள் கூடிய பெரிய மாநாடு. அதற்கு வந்தவர்களில் தமிழில் நாட்டம் கொண்ட சிலர் தனியே கூடினார்கள். தனிநாயகம் அடிகள், பிரான்சின் ஃபிலியோசா, செக் நாட்டின் கமில் சுவலபில் போன்றவர்கள். அந்தக் கூடலில் பிறந்ததுதான் அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றம். 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு, 1968இல் சென்னையில் இரண்டாவது. சென்னை மாநாட்டை நம்மில் பலர் ஊர்வலங்களையும் கடற்கரைச் சிலைகளையும் வைத்து நினைவில் வைத்திருக்கிறோம். அதன் வேர் ஒரு சில பேரின் பொதுவான ஆர்வம்.

பர்ரோ ஆக்ஸ்போர்டில் இருந்தார், எமனோ அமெரிக்காவில் பெர்க்லியில் இருந்தார். நடுவில் ஒரு பெருங்கடல். இருவருக்கும் ஒரே ஆசை, திராவிட மொழிகளின் சொற்களையெல்லாம் வேர்வாரியாக ஓரிடத்தில் சேர்க்கவேண்டும் என்று. 1961இல் அந்த அகராதி வந்தது. 1984இல் திருத்திய பதிப்பு. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தலைப்புகள். இன்றைக்கும் திராவிடச் சொல் ஒன்றின் உறவுகளைத் தேடுகிறவர்கள் முதலில் புரட்டுவது அதைத்தான்.

நம் வடசேரியில் பிறந்த வ.அய். சுப்பிரமணியம் 1971இல் திருவனந்தபுரத்தில் திராவிட மொழியியல் கழகத்தைத் தொடங்கினார். தமிழும் மலையாளமும் தெலுங்கும் கன்னடமும் ஆராய்கிறவர்கள் ஆண்டுதோறும் ஒரே கூரையின்கீழ் உட்கார வழி பிறந்தது. மொழிக்காக மாநிலங்கள் சண்டை போட்டுக்கொண்ட காலத்திலும் அந்தக் கூரையின்கீழ் ஒருவர் சொல்லை ஒருவர் இரவல் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே கருத்தரங்கே வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. தனியாக ஒருவன் மேசையில் உட்கார்ந்து செய்யும் தவற்றை இன்னொருவன் ஒரு நிமிடத்தில் காட்டிக்கொடுப்பான். அதற்குத்தான் கூடுவது. ஆனால் திருத்துவதற்கு நேரமும் இல்லை, திருத்தக்கூடிய ஆளும் இல்லை என்றால் அது வெறும் திருமண வீடு. மொய் வைத்தோம், சாப்பிட்டோம், தாம்பூலப் பை வாங்கினோம், வந்தோம்.

இந்த நிலைமைக்கு இன்றைய பிள்ளைகளைக் குறை சொல்லமாட்டேன். 2010இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த விதிகளில், கருத்தரங்கில் கட்டுரை வாசித்தால் இத்தனை மதிப்பெண் என்று கணக்கு வந்தது. பதவி உயர்வு அதில் தொங்கியது. பசித்தவன் முன்னால் இலையைப் போட்டுவிட்டு, ஏன் அவசரமாகச் சாப்பிடுகிறாய் என்று கேட்கக்கூடாது. பின்னால் விதிகள் மாறினாலும் பழக்கம் மாறவில்லை. எங்கள் தலைமுறை மட்டும் யோக்கியமா? பயணப்படிக்காகவே வந்தவர்கள் உண்டு. தன் கட்டுரையை வாசித்துவிட்டு மறு பேருந்தில் ஏறியவர்கள் உண்டு. கொரோனாவுக்குப் பிறகு வந்த இணையவழிக் கூட்டங்களில் ஒரு நன்மையும் இருக்கிறது. முழங்கால் வலியோடு வீட்டிலிருக்கும் என்னைப் போன்றவர்களும் உட்கார்ந்து கேட்கலாம். ஆனால் அதில் வராந்தா இல்லை.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன்.

கணியத்தின் பொருள் தப்பு என்று எனக்கு 1978லேயே தெரியும், கட்டுரை வாசித்து அரை மணி நேரத்தில் தெரியும். ஆனால் கட்டுரை ஏற்கெனவே அச்சுக்குப் போயிருந்தது. ஒரு திருத்தச் சீட்டு ஒட்டச் சொல்லியிருக்கலாம். அடுத்த கருத்தரங்கில் எழுந்து நின்று, நான் சொன்னது பிழை என்று சொல்லியிருக்கலாம். செய்யவில்லை. கைதட்டல் வாங்கிய சொல் அது. விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. பிறகு வேலை, பிள்ளைகள், வீட்டுக் கடன் என்று நாள் போயிற்று.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு முனைவர் பட்ட ஆய்வேடு என் கைக்கு வந்தது. அதில் என் கட்டுரையை மேற்கோள் காட்டி, கணியம் என்றால் மீனவர் நாள் பார்க்கும் முறை என்று எழுதியிருந்தது. கடற்கரையில் பத்து கிலோமீட்டர் நடந்து ஒரு கிழவரைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் அச்சில் வந்ததை நம்பினார்கள். நான் எழுதியதை நம்பினார்கள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்றைக்குப் படகுகளில் ஜி.பி.எஸ். கருவி இருக்கிறது. பார் இருக்கும் இடம் எண்களாகத் திரையில் தெரியும். கணியம் பார்க்கத் தெரிந்தவர்கள் கரையில் குறைந்துகொண்டே போகிறார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. கடலில் போகிறவனுக்கு எது பத்திரமோ அதுதான் நல்லது. ஆனால் சொல்லின் சரியான பொருள் கிழவர்களோடு போய்விட்டால், மிஞ்சப்போவது என் தப்பான பொருள்தான்.

எனவே கருத்தரங்கு நடத்துகிறவர்களிடம் ஒரு கிழவனின் வேண்டுகோள்கள்.

முதலாவது, கட்டுரைகளைக் குறையுங்கள். நூறு வேண்டாம், பத்து போதும். ஒவ்வொன்றுக்கும் வாசிக்க எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் கேள்விக்கும் கொடுங்கள். தேநீர் இடைவேளையைப் பதினைந்து நிமிடமாகச் சுருக்காதீர்கள்.

இரண்டாவது, எந்த வழக்கைப் பற்றிப் பேசுகிறீர்களோ அந்த வழக்கைப் பேசுகிறவரை மேடையில் உட்காரவையுங்கள். கடைசி வரிசையில் அல்ல. நீலகிரிக் கோத்தர் மொழியில் எமனோ வெளியிட்ட கதைகளில் பெரும்பாலானவை சுல்லி என்ற ஒரே கோத்தர் சொன்னவை. அவர் இல்லையென்றால் அந்தத் தொகுதிகள் இல்லை. அப்படிப்பட்டவருக்குத் தகவலாளர் என்ற ஒரு சொல் போதாது. அவருக்கு ஒரு நாள் தொழில் போகும், அந்தக் கூலியையும் கொடுங்கள். பேராசிரியருக்கு வண்டிச் செலவு கொடுக்கும்போது மீனவருக்குக் கொடுக்கக் கூடாதா?

மூன்றாவது, கட்டுரை நூலின் முன்பக்கத்தில் வாழ்த்துரைகள் பத்து பக்கம் போடுகிறீர்கள். பின்பக்கத்தில் 'பிழையும் திருத்தமும்' என்று இரண்டு பக்கம் விடுங்கள். முன்னே எழுதியது தப்பு என்று எழுத வருகிறவருக்கும் ஒரு சான்றிதழ் கொடுங்கள். அவருக்குத்தான் முதலில் கொடுக்கவேண்டும்.

இதையெல்லாம் நேற்று என் மாணவியிடம் தொலைபேசியில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். "சார், பத்து கட்டுரைன்னா எங்க பிரின்சிபால் கருத்தரங்கே வேண்டாம்னு சொல்லிடுவாங்க. கட்டணத்துலதான் சாப்பாட்டுச் செலவே ஓடுது" என்றாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

"எனக்கு ஒரு மணி நேரம் கொடு. நான் கட்டுரை வாசிக்கமாட்டேன். கணியம் தெரிந்த ஒருவரை அழைத்து வருகிறேன், அவர் பேசட்டும். அவருக்குரிய கூலியை நான் கொடுத்துக்கொள்கிறேன். கடைசியில் நான் எழுந்து என் பழைய தப்பைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்" என்றேன்.

"ஒரு மணி நேரம் முடியாது சார். இருபது நிமிஷம் வாங்கித் தரேன்."

ஒத்துக்கொண்டேன். ஐந்துக்கு இருபது மேல்.

அன்று என்னைத் திருத்திய பெரியவர் காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. அவருடைய மகனுக்கே இப்போது அறுபது தாண்டிவிட்டது. நேற்று மாலை அவரைத் தேடிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். வலைக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அப்பாவின் கணியங்களில் ஏழெட்டு இன்னும் நினைவிருக்கிறது என்றார். மேடையில் பேசக் கூச்சமாக இருக்கிறதாம். படம் வரைந்து காட்டினால் போதும், பேச்சை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். முதல் காரியமாக, என்னத்துக்கு என்று நான்தான் அவரைக் கேட்கப்போகிறேன்.